சாமி வருவதற்கு முன்

எங்கள் நிலையத்தில் ஒரு தம்பி இருக்கிறார். ‘லே மிசராப்ள்’ என்றால் அவருக்கு உயிர். 1985-இல் லண்டனில் மேடையேறிய அந்த ஆங்கில இசை நாடகத்தை, காசு சேர்த்து வெளிநாடு போய் ஆறு முறை பார்த்துவிட்டார். ஆறு முறையும் அழுதாராம். “கதைதான் தெரியுமே, அப்புறம் என்ன அழுகை?” என்று மற்றவர்கள் கலாய்ப்பார்கள். நான் கலாய்ப்பதில்லை. அவரைத் தூக்கிச் சாப்பிடும் ரசிகர் ஒருவர் செமினியில் எங்கள் பக்கத்துத் தாமானில் இருக்கிறார்.

எண்பதைத் தாண்டிய தாத்தா. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவருடைய நாடகம் ‘அரிச்சந்திர மயான காண்டம்’. வாலிபத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சந்திரமதி வேடம் கட்டியிருக்கிறார்.

கதை உங்களுக்குத் தெரியும். சொன்ன சொல்லுக்காக நாட்டைக் கொடுத்து, மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் விற்றுக்கொண்டு சுடலை காக்கிறான் அரிச்சந்திரன். பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி அங்கேயே வருகிறாள். இருட்டில் இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கால் பணமும் முழத்துண்டும் வைத்தால்தான் எரிக்கலாம் என்கிறான். ஒன்றுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். அவள் திடுக்கிடுகிறாள். அந்தத் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

வானொலிக்காரியாகச் சொல்கிறேன், இதைவிட நல்ல திருப்பம் எந்த நாடகத்திலும் நான் கேட்டதில்லை. அவர்கள் கணவன் மனைவி என்பது நமக்கு முன்பே தெரியும், அவர்களுக்குத்தான் தெரியாது. தெரிந்துகொண்டு காத்திருப்பதுதான் வலி. நூறாவது முறை பார்ப்பவனுக்கு அது குறைவதில்லை, கூடுகிறது.

ராஜ்கோட்டில் சிறுவன் காந்தி ஒரு நாடகக் கம்பெனியின் அரிச்சந்திரனைப் பார்த்துவிட்டு, மனசுக்குள் எத்தனையோ தடவை தானே அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாகவும், நினைத்து நினைத்து அழுததாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் பிடித்துக்கொண்டது வாய்மையை. நம் தோட்டத்து மக்கள் வேறொன்றைப் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. கடனுக்குக் கட்டுப்பட்டு கப்பலேறிய குடும்பங்களுக்கு, ஆளுக்கொரு பக்கம் விற்கப்பட்ட அந்தக் குடும்பம் புராணமாகவா தெரிந்திருக்கும்?

தாத்தாவுக்கு நான் அறிமுகப்படுத்தியவர் வைரமுத்து. கவிஞர் இல்லை. காங்கேசன்துறை நடிகமணி வி.வி.வைரமுத்து. 1924-இல் பிறந்து 1989-இல் மறைந்தவர். மயான காண்டத்தை மட்டும் மூவாயிரம் முறைக்கு மேல் மேடையேற்றினார் என்பார்கள். அவர் பாடிய ஒலிப்பதிவைக் கைப்பேசியில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்ட தாத்தா, ஆர்மோனியம் குரலை எட்டிப்பிடிக்கும் இடத்தில் தொடையில் ஒரு தட்டு தட்டினார். “யாழ்ப்பாணத்தாரு நம்மள மாதிரிதான் அழுவுறாங்க” என்றார். ஒரு விமர்சகர் இதற்குப் பத்துப் பக்கம் எழுதுவார்.

இந்த நாடகம் சுபமாகத்தான் முடியும். சிவபெருமான் வருவார், பிள்ளை எழுந்திருப்பான், நாடும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் பெயரால் யாரும் இதை அழைப்பதில்லை. மயானத்தின் பெயர்தான் நிலைத்தது.

போன வாரம் தாத்தா ஒரு பென் டிரைவை நீட்டினார். “போட்டுக் குடும்மா. ஆனா சாமி வர்றதுக்கு முன்னுக்கே வெட்டிரு.”

ஏன் தாத்தா என்றேன். சந்திரமதி வேடம் கட்டிய வருடமே அவருடைய நாலு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாளாம். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள். அடுத்த வருடம் வேடம் கட்டக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டார். ஆனால் பார்ப்பதை விடவில்லை. எங்கே போட்டாலும் போய் முன்வரிசையில் உட்கார்வார். சாமி வேடக்காரர் திரைக்குப் பின்னால் தயாராகும்போது எழுந்து வெளியே வந்துவிடுவார்.

“அவுங்க புள்ள எந்திரிச்சிரும்மா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒலிப்பதிவை வெட்டுவது எனக்குத் தினசரி வேலை. அன்று இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்மோனியம் ஒரு நொடி ஓயும் இடம் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். தாலியைக் கண்டு இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்து, பிள்ளையை நடுவில் வைத்து அழும்வரை இருக்கிறது.