எந்திரத்தின் பிணியும் எளியோர்மேற் பழியும்

மோட்டார் வண்டியின் விசையைத் தொழிற்சாலை அமைத்த அளவினும் மிகுதியாக உயர்த்திக்கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடையும் அவர்தம் உறவினரிடையும் பரவி வருகின்றது. அது நன்றோ தீதோ என்று ஆராய யாம் ஈண்டுப் புகவில்லை. அவ்வாறு உயர்த்திய வண்டி பிணியுற்ற காலத்து, காரணத்தை நாடாது கண்ணிற் பட்ட உறுப்பையெல்லாம் கழற்றிப் புதியன பூட்டுதலும், அவை பயன்படாவிடத்துப் பட்டறையிலுள்ள எளியவன் ஒருவன் தலையிற் பழியை ஏற்றுதலும் தகாதன என்பதே எம் கருத்து. தமிழ் பயில்வார்க்கு எந்திரத்தோடு என்ன உறவு என்று நகைப்பார் உளராயின் நகைக்க. பிணி இன்னதென்றும், அது பிறந்த இடம் இன்னதென்றும், தீர்க்கும் வழி இன்னதென்றும் முறையே தேர்க என்று மருந்ததிகாரத்துள் வள்ளுவர் வகுத்த ஒழுங்கு மனிதவுடலுக்கு மட்டும் உரியதன்று.

பட்டறைக்காரர் ‘மிஸ்ஸிங்’ என்று வழங்கும் பிணியாவது, சிலிண்டர்களுள் ஒன்றிலோ பலவற்றிலோ உரிய நேரத்தில் தீப்பற்றாது போதலாம். காற்று, எரிபொருள், மின்பொறி, அழுத்தம் என்னும் நான்கனுள் ஒன்று பிழைபடினும் அது நிகழும். டர்போ என்பது, வெளியே போகும் எரிந்த புகையின் விசையாற் சுழன்று, காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குள் திணிக்கும் கருவி. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளராகிய ஆல்பிரட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் இக்கருத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். இக்கருவி பூண்ட கார்கள் 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. காற்று நெருங்க நெருங்க, பிளக்கின் இரு முனைகளுக்கிடையே மின்பொறி பாய்தல் அரிதாகின்றது. அதற்கு வேண்டிய மின்னழுத்தம் மிகுகின்றது. அவ்வளவு மின்னழுத்தத்தைக் காயில் தரமாட்டாதாயின் பொறி பிறவாது. ஆதலின், டர்போவின் அழுத்தத்தை உயர்த்துவோர் பிளக்கின் முனையிடைவெளியைச் சிறிது சுருக்குதல் மரபு. இச்சிறு செய்தி மறைக்கப்பட்டமையால் விளைந்ததொன்றை இனிக் கூறுவோம்.

எம் அத்தான் ஒருவர் நான்கு சிலிண்டர்ப் பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கின்றார். அதன் கணிப்பொறியிலுள்ள கட்டளைகளை மாற்றுவித்து, டர்போவின் அழுத்தத்தை உயர்த்திக்கொண்டார். மாற்றிக் கொடுத்தவர் அன்றே பிளக்குகளின் இடைவெளியையும் சுருக்கித் தந்தனர். சில திங்கள் சென்றபின், வழக்கமாகச் செல்லும் பட்டறையில் அத்தான் புதிய பிளக்குகள் பூட்டச் சொன்னார். விசை உயர்த்திய செய்தியை ஆங்குச் சொல்லவில்லை. அங்கு வேலை பழகும் பையன், எம்மினும் ஓராண்டே மூத்தவன், புதிய பிளக்குகளைப் பெட்டியில் வந்தபடியே பூட்டினான். அவன் செய்ததிற் குற்றம் யாதும் இல்லை.

அடுத்த வாரம் நாகர்கோவிலினின்று திருநெல்வேலிக்குச் செல்லுங்கால் யாமும் உடனிருந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகள் சுழலும் அவ்விடத்து, எதிர்காற்று முகத்தில் அறைந்தது. அத்தான் ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி இருமல் கண்டவன்போற் குலுங்கிற்று. எந்திர விளக்கு மின்னி மின்னி அணைந்தது. காலைத் தளர்த்தியவுடன் அமைதியாயிற்று. நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்தால் யாதொரு குறையும் தோன்றவில்லை.

மறுநாட் பட்டறைக்குச் சென்று, “நேற்றுவரை நன்றாயிருந்த வண்டி, மேஸ்திரி. உங்கள் பையன் கைவைத்த பின்புதான் கெட்டது” என்றார் அத்தான். காயிலைப் பிடுங்கும்போது உடைத்துவிட்டான் என்று முடிவாயிற்று. நான்கு காயில்கள் புதியன வந்தன. அவற்றின் விலையிற் பாதி அப்பையன் கூலியிற் பிடிக்கப்பட்டது. குலுக்கம் நீங்கவில்லை. இன்ஜெக்டர்களைக் கழுவினர், அப்பொழுதும் நீங்கவில்லை. பெட்ரோல் பம்பு மாற்றவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அப்பையனை இனி வரவேண்டா என்று சொல்லிவிட்டனர். வண்டியில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதை யாம் அறிவோம். அறிந்தும், மூத்தவர் பேசுமிடத்து இளையவர் பேசலாகாது என்னும் வழக்கத்தின் பின்னே ஒளிந்து வாய் திறவாதிருந்தோம்.

பின்னர் வேறோர் ஊரில் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் கருவி எதனையும் எடாது, “ஐயா, இதில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள்?” என்று முதலிற் கேட்டார். அத்தான் பேசாதிருந்தார். இம்முறை யாமே சொன்னோம். அதன்பின் அவர் ஸ்கேனரைப் பூட்டிப் பார்த்தார். ஒருநாள் இரண்டாம் சிலிண்டர், மற்றொருநாள் மூன்றாம் சிலிண்டர், அவற்றோடு இன்ன சிலிண்டர் என்று சுட்டாத 0300 என்னும் குறியெண்ணும் பதிவாகியிருந்தன. இரண்டாவதன் காயிலை நான்காவதற்கு மாற்றி ஓட்டினார். குற்றம் காயிலைத் தொடர்ந்து செல்லவில்லை. ஓடும்போது எரிபொருளின் அழுத்தம் கேட்ட அளவிலேயே நின்றது. ஆகவே பம்பு பழியினின்று நீங்கிற்று. பிளக்குகளைக் கழற்றி இடைவெளியை அளந்தார்: 1.1 மில்லிமீட்டர். கழற்றியது கழற்றியபடியே நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து, அவை ஒத்திருத்தலைக் கண்டார். பிளக்குகளை 0.7 மில்லிமீட்டராகச் சுருக்கிப் பூட்டினார். புதிய உறுப்பு ஒன்றும் வாங்கப்படவில்லை. அன்று மாலை அதே கணவாயில், அதே காற்றில், வண்டி ஒருமுறையேனும் இருமவில்லை.

எல்லா மிஸ்ஸிங்கும் பிளக்கினால் வருவதன்று என்பதை யாம் மறுக்கவில்லை. பிணி தோன்றும் வேளையே அதன் முதற்சான்று. காலைக் குளிரில் மட்டும் குலுங்குமாயின், எரிபொருளை நேரே சிலிண்டருக்குட் பாய்ச்சும் எந்திரங்களில் உட்செல் வால்வுகளிற் படிந்த கரியை ஐயுறலாம். நெருக்கிய காற்று செல்லும் ரப்பர்க் குழாய் நழுவியிருப்பின், அளந்தெடுத்த காற்று வழியிலே கசிந்துபோக, எரிபொருள் மிகுந்து கரும்புகை எழும். எடை குறைந்த பிளைவீல் பூட்டிய வண்டியிலோ, கிராங்குத் தண்டின் வேகமாறுதலைக் கொண்டே கணிப்பொறி மிஸ்ஸிங்கை எண்ணுவதால், இல்லாத பிணியையும் உண்டென்று காட்டுதல் கூடும். (மருத்துவரையே ஏமாற்றும் நோயாளி இவ்வண்டி.)

“பட்டறையில் ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? மாற்றிப் பூட்டுதலே விரைவு” என்பர் சிலர். ஒரு காயிலை இடம் மாற்றிப் பார்க்கக் கால்மணி நேரம் போதும், செலவு ஒன்றுமில்லை. நான்கு காயில்களின் விலையோ ஏழை ஒருவனின் கூலியைக் கரைக்கும். அன்றியும், விளக்கு மின்னிக்கொண்டிருக்க வண்டியை ஓட்டுதல் பேராபத்து. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரிற் சென்று எரிய, அது பழுத்து உள்ளே உருகும். ஆராயாது நாள் கடத்துவோர் சிறு பிணியைப் பெரும் பிணியாக்குகின்றனர்.

உண்மையை மறைப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வண்டியின் அமைப்பை மாற்றுதற்கு வரம்பு கட்டியிருக்கின்றது. உத்தரவாதம் போய்விடுமே என்னும் அச்சமும் உண்டு. ஆயின், சொல்ல அஞ்சுகின்ற மாற்றத்தைச் செய்யாதிருத்தல் நம் கையில் உளது. செய்தபின், அதனை மறைத்த பழியைப் பிறர்மேல் ஏற்ற நமக்கு உரிமையில்லை. விசையை உயர்த்திக் கொடுப்போர், மாற்றியவை இவை, பிளக் இடைவெளி இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு, இன்ன பெட்ரோல் என்று ஓர் அட்டையில் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டுதல் வேண்டும். அவர் எழுதாராயின் உடையவரே எழுதுக. ஒரு ரூபாயும் செல்லாது. எம் அத்தானின் வண்டியில் அவ்வட்டை இப்பொழுது உண்டு, எழுதியவர் யாம்.

அப்பையனை யாம் தேடிச் சென்றோம். புறவழிச்சாலையில் லாரிகள் நிற்கும் வேறொரு பட்டறையில் வேலை பார்க்கின்றான். அத்தான் கூலிப் பணத்தை நீட்டினார். எண்ணிப் பாராமலே வாங்கிப் பையில் இட்டுக்கொண்டான். முதலிலேயே அறிந்திருந்தோம் என்று யாமும் சொன்னோம். “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்று சொல்லிவிட்டு, லாரியின் அடியில் மீண்டும் புகுந்தான்.