தன் அங்கத்தினரைத் தானே விசாரித்த சபை

ஓட்டுப் போட்டு ஒருவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய வாக்காளர், அதன் பிறகு ஐந்து வருஷம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கத்தினர் தவறு செய்தால் திரும்ப அழைக்கும் உரிமை அவருக்கு இல்லை. கோர்ட்டில் தண்டனை பெற்றவர், அப்பீல் மனுவைக் காட்டி மட்டும் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நல்லதுதான். ஆனால் வழக்கு முடிவதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடுகிறதே! ஆகவே உடனடியாக விசாரிக்கக்கூடிய இடம் அந்தச் சபை ஒன்றுதான்.

அந்தக் கடமையைப் பார்லிமெண்டு முதன் முதலாக ஏற்றது 1951-ல். காங்கிரஸ் அங்கத்தினரான ஹெச். ஜி. முட்கல், பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் ஆதாயம் பெற்று, அதற்காகச் சபையில் கேள்விகள் கேட்டார், மசோதாவுக்குத் திருத்தம் கொண்டுவர முயன்றார் என்பது புகார். முதல் பொதுத் தேர்தல் வாசற்படியில் நின்ற சமயம் அது. கட்சிக்குக் கெட்ட பெயர் வருமே என்று மூடி மறைத்திருக்கலாம். ஆனால் ஜூன் 8-ந் தேதி, விசாரணைக் கமிட்டி அமைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் நேருவே. ஐந்து பேர் கொண்ட கமிட்டிக்கு டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைவர். (காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: 1958-ல் முந்த்ரா விவகாரத்தில் நிதி மந்திரி பதவியை ராஜிநாமா செய்தவரும் இதே கிருஷ்ணமாச்சாரிதான். அந்த விவகாரத்தைச் சபையில் கிளப்பியவரும் ஆளும் கட்சிக்காரர்தான் — நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி.)

முட்கல் வக்கீல் வைத்துக்கொண்டார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். செப்டம்பரில் அறிக்கை விவாதத்துக்கு வந்தபோது சபையிலேயே எழுந்து தம் தரப்பைச் சொன்னார். பிறகு ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார். ‘போனால் போகட்டும்’ என்று சபை விட்டுவிடவில்லை. அவர் வெளியேற்றப்படத் தகுந்தவர், கடிதத்தின் வாசகமும் சபையை அவமதிப்பதே என்று தீர்மானத்தைத் திருத்தி நிறைவேற்றியது.

பின்னால் நடந்ததோ வேறு கதை. 1993-ல் நரசிம்ம ராவ் மந்திரிசபை மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத் தோற்கடிக்கச் சில அங்கத்தினர்கள் பணம் வாங்கியதாக வழக்கு. 1998-ல் ஐந்து நீதிபதிகளில் மூவர் சொன்ன தீர்ப்பின்படி, பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவருக்குப் பாதுகாப்பு; வாங்கியும் ஓட்டுப் போடாதவருக்கு அது கிடையாது! லஞ்சத்திலும் நாணயம் வேண்டும் போலும். இந்த விசித்திரத்தை ஏழு நீதிபதிகள் 2024 மார்ச் 4-ல் ஒருமனதாக நீக்க, 26 வருஷம் ஆயிற்று.

2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கிய காட்சி டெலிவிஷனில் வெளிவந்து பதினோராம் நாளே, இரு சபைகளிலும் சேர்த்து 11 பேர் வெளியேற்றப்பட்டனர். 2007-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. வேகம் பாராட்டத் தக்கதே. ஆயினும் அந்த அவசரத்தின் பலன் பிறகு தெரிந்தது. 2023 டிசம்பர் 8-ந் தேதி எதிர்க்கட்சி அங்கத்தினர் மஹுவா மொய்த்ராவைப் பற்றிய கமிட்டி அறிக்கை லோக் சபையில் வைக்கப்பட்டது. அன்றே அவர் வெளியேற்றப்பட்டார். பேச அனுமதி கேட்டபோது, 2005-ன் வழக்கத்தைக் காட்டி மறுக்கப்பட்டது. அவர் செய்தது குற்றமா இல்லையா என்பது வேறு விஷயம். முட்கலுக்குக் கிடைத்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆறே மாதத்தில் அவருடைய தொகுதி வாக்காளர்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள்.

பார்லிமெண்டின் உரிமைகளைச் சட்டம் இயற்றி வரையறுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 105-வது ஷரத்து. எழுபது வருஷங்களுக்கு மேலாகியும் அந்தச் சட்டம் வரவில்லை. புகாரை எத்தனை நாளில் விசாரிப்பது, குறுக்கு விசாரணை உண்டா, தண்டனைக்கு முன் அங்கத்தினர் சபையில் பேசலாமா — எல்லாம் அந்தந்தச் சமயத்துப் பெரும்பான்மையின் சித்தம். ஆளும் கட்சிக்காரர் மீது வரும் புகாருக்கும் எதிர்க்கட்சிக்காரர் மீது வரும் புகாருக்கும் ஒரே நடைமுறை எழுத்தில் இருக்கட்டும். அதற்கான மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே சர்க்கார் கொண்டுவர வேண்டும்.