ஸ்டாஃப் ரூமில் விற்கும் சீனி மருந்து



கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள், பரவாயில்லை.

பல்லேகலயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். வயது 68. சீனி வருத்தம் வந்து 16 வருடம். மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு போய் வரிசையில் நின்று, இலவசமாகத் தரும் மெட்ஃபோமினை எடுத்து வந்து ஒழுங்காகக் குடித்தவர். பெருநாளுக்குப் பிறகு அவர் கையில் ஒரு போத்தல் வந்தது. விலை 7,500 ரூபாய். "முழுக்க இயற்கை, மூன்று மாதத்தில் மாத்திரையே தேவைப்படாது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாமா மூன்று மாதம் பார்க்கவில்லை, அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழு வாரத்தில் செருப்புக் கடித்த புண் கறுத்துப் போனது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சீனி 400ஐத் தாண்டியிருந்தது. ஒரு கால் விரலை எடுத்தார்கள்.

போத்தலைக் கொடுத்தவர் யாரோ ஊர் பேர் தெரியாத வியாபாரி இல்லை. எங்களில் ஒருவர், ஆசிரியர். சம்பளம் போதாமல் இதில் சேர்ந்தவர். தனக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்தால் கொமிஷன். எங்கள் ஸ்டாஃப் ரூம் மேசையிலும் அதே போத்தல் இருந்தது. நாங்கள் பார்த்தோம், சிரித்துக்கொண்டு டீ குடித்தோம். ஆகவே இது எங்கள் மேலும் உள்ள குற்றச்சாட்டுதான்.

"நீங்கள் இயற்கை வைத்தியத்துக்கு எதிரியா?" என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் உம்மும்மா பாவக்காய்ச் சாறு குடித்தவர்தான். கோத்தல ஹிம்புட்டு தேநீரை எங்கள் வைத்தியர்களே ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். 51 சீனி நோயாளிகளுக்கு மூன்று மாதம் உண்மையான தேநீர், மூன்று மாதம் போலித் தேநீர். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. இரத்தத்தை அளந்துதான் பலன் இருக்கிறது என்றார்கள். மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அந்த மெட்ஃபோமினின் கதையும் ஐரோப்பாவில் சீனி வருத்தத்துக்குக் கொடுத்த ஒரு செடியில்தான் தொடங்குகிறது. செடியிலிருந்த பொருள் நஞ்சாக இருந்ததால் அதை ஒத்த வேறு பொருள்களைத் தேடினார்கள். 1957இல்தான் பாரிஸில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் மெட்ஃபோமினை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். இயற்கை வேண்டும் என்பவர்கள் கிளினிக்கில் வாங்குவதும் அந்தச் செடியின் வாரிசைத்தான்!

போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2008இல் சிங்கப்பூரில், சீனி வருத்தமே இல்லாத சுமார் 150 பேர் இரத்தச் சீனி பாதாளத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நாலு பேர் மவுத்தானார்கள். ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரைகளில், மூலிகை என்ற பெயரில் வந்தவற்றிலும், கிளிபென்கிளமைட் என்ற சீனி மாத்திரை கலந்திருந்தது. "குடித்த இரண்டு நாளில் சீனி இறங்கியது" என்று யாராவது சத்தியம் செய்தால் எங்களுக்கு முதலில் வருவது இந்தப் பயம்தான்.

லேபிளில் கருஞ்சீரக ஹதீஸை அச்சடித்திருக்கிறார்கள். ஹதீஸில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, போத்தலில்தான் சந்தேகம். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தை மறைத்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை இஸ்லாம் பாடத்தில் நாங்கள்தானே படிப்பிக்கிறோம்? பிறகு எந்த முகத்தோடு, எத்தனை மில்லிகிராம் எது என்று எழுதாத போத்தலைப் பிள்ளைகளின் வாப்பாமாருக்கு விற்கிறோம்?

2020 டிசம்பரில் கேகாலைப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. தேனும் சாதிக்காயும். சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார், அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. அன்று அந்த வரிசையைப் பார்த்து நக்கல் அடித்து ஸ்டேட்டஸ் போட்டவர்களும் நாங்கள்தான்.

விற்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒளடத அதிகாரசபையிலோ ஆயுர்வேதத் திணைக்களத்திலோ பதிந்த இலக்கத்தைக் காட்டுங்கள். இருந்தாலும் "மாத்திரையை விடுங்கள்" என்று சொல்ல நீங்கள் யார்? அதைச் சொல்ல வேண்டியவர் கிளினிக் டொக்டர்.

எங்கள் ஸ்டாஃப் ரூம் மேசையில் இருந்த போத்தல்களைத் திங்கட்கிழமை திருப்பி அனுப்பிவிட்டோம். கொடுத்தவர் எங்களோடு பேசுவதில்லை. மாமாவுக்கு வியாழக்கிழமை கிளினிக். எங்களில் ஒருவர் லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறார். மிச்சம் இருந்த அரைப் போத்தலையும் டொக்டரிடம் காட்டக் கொண்டு போகிறோம்.