ஜமீன் பங்களாவில் சிற்றுண்டி

தோட்ட பங்களா என்பது ராயபுரத்து ஜனங்களாகிய எங்களுக்கு எப்போதுமே தெற்கத்தி வஸ்து. கறுப்பர் பட்டணமென்று அப்போது அழைக்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் வடக்கு மதிலுக்கு அப்பாலிருந்த எங்கள் கடலோரம் முதலில் ரயிலுக்கும் துறைமுகத்துக்கும், பிற்பாடு திருவொற்றியூர், எண்ணூர் வரையில் தொழிற்சாலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பெனி வர்த்தகர்களும் துரைமார்களும் மரம் நட்டு மாளிகை எழுப்பியதெல்லாம் ராயப்பேட்டை, நுங்கம்பாக்கம், மௌண்ட் ரோடு ஓரங்களில்தான். அப்படிப்பட்ட பங்களா ஒன்றை ஓட்டலாக்கியவர் எங்கள் அண்டைப் பிரதேசமான ஜார்ஜ் டவுனில் தொழில் பழகியவர் என்பதால், அந்தச் சரித்திரத்தில் எங்களுக்கும் சிறிது பாத்தியதை உண்டென்று நினைத்துக்கொள்கிறேன்.

1856-ஆம் வருஷம் ராயபுரம் ஸ்டேஷன் திறக்கப்பட்டு, ஜூலை முதல் தேதி வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபோது, வந்திறங்கிய வெள்ளைக்காரப் பிரயாணிக்கு ஓட்டல் இருந்தது. திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார் 1854-இல் தொடங்கிய இம்பீரியல் அது. ஆல்பனி என்று மாறி, 1890-இல் கவர்னரின் பெயரைச் சூடிக் கன்னிமரா ஆயிற்று. வழக்குக்காகவோ வைத்தியத்துக்காகவோ வெளியூரிலிருந்து வந்த நம்மவருக்கோ உறவினர் வீட்டுத் திண்ணையும் தர்ம சத்திரமும்தான் கதி. சோற்றை விற்பதே பாவம், அதைக் காசு கொடுத்து வாங்கிப் புசிப்பது கௌரவக் குறைவு என்று கருதிய அக்காலத்துப் பெரிய மனிதர்கள், பிற்பாடு வந்த காபி கிளப்புக்குள் நுழையுமுன் தெருவின் இரு கோடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

தென் கன்னடத்துக் கடந்தலெ கிராமத்திலிருந்து வந்து, ஜார்ஜ் டவுன் ஓட்டல்களில் எடுபிடி வேலையிலிருந்து ஆரம்பித்து, சொந்தமாகக் கடை வைக்கும் நிலைக்கு உயர்ந்த கிருஷ்ணராவ் அவர்கள் இந்தக் கூச்சத்தை நன்றாக அறிந்திருக்க வேண்டும். 1938-இல் அவர் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான 'உட்லண்ட்ஸ்' பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். உடுப்பிச் சமையல் அதற்கு முன்பே பட்டணத்துக்குப் பழக்கமானதுதான். கிடைக்காமலிருந்தது, குடும்பத்தோடு போய் இறங்கத்தக்க வாசல். பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து சாப்பிடக் கூசிய கிருகஸ்தர், ஜமீன்தாரின் போர்டிகோவில் வண்டியை நிறுத்தி, விசாலமான தாழ்வாரத்தின் வழியே மனைவி மக்களுடன் நடந்துபோய் இட்லி சாப்பிடுவதில் எந்த இழிவையும் காணவில்லை. ராஜா வீட்டு விருந்தாளி என்ற பாவனையைப் பில் தொகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல் என்பதையும், அதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு ஜமீன் பங்களா சாம்பாருக்கு இடங்கொடுத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, சட்டசபையைவிடச் சமையற்கட்டு முந்திக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. (எல்லா ஓட்டல்களும் இப்படி உதாரமாக இருந்துவிடவில்லை, பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை வைத்திருந்த ஓட்டல்கள் மீது பெரியார் 1957-இல் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது.)

1952-இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இப்போதைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. ஒரு ராயப்பேட்டை வீட்டின் பெயர் அதன் சுவர்களை விட்டுக் கிளம்பி லண்டன் வரையில் போய்ப் பலகையேறியது. அந்தப் பெயரைக் கேட்டதும் நெய் ரோஸ்டை நினைப்பவர்கள் உண்டே தவிர, ராமநாதபுரத்தை நினைப்பவரை நான் சந்தித்ததில்லை.

1962-இல் கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்தின் மரங்களுக்கடியில், கிருஷ்ணராவ் டிரைவ்-இன் உட்லண்ட்ஸைத் திறந்தபோது போர்டிகோவுக்கும் தாழ்வாரத்துக்கும் அவசியம் தீர்ந்துபோயிருந்தது. மோட்டாரை விட்டு இறங்காமலே, ஜன்னலில் மாட்டிய தட்டில், போவோர் வருவோர் எல்லோரும் பார்க்கும்படியாக, பட்டணத்துக் கனவான்கள் தோசை தின்றார்கள். 2008-இல் அது மூடப்பட்டபோது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி அங்கலாய்த்தார்கள்.