தேன் நல்லதுதான், பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு இளம் தாய் தன் பன்னிரண்டு நாள் பிள்ளையுடன் என்னிடம் வந்திருந்தார். கூடவே, பிள்ளைப்பேற்று உதவிக்கென ஊரிலிருந்து வந்த அம்மம்மா. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நிறை பார்த்து, தொப்புளைப் பார்த்து முடித்த பிறகு தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டொக்டர், அம்மா பிள்ளைக்கு நாக்கில தேன் தொட்டு வைச்சிட்டா. கூடாது எண்டு பிறகுதான் வாசிச்சன். ரெண்டு நாளா நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை."

அம்மம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "தம்பி, உங்களுக்கும் உங்கட அம்மா வைச்சிருப்பா. நீங்கள் டொக்டராத்தானே வந்திருக்கிறியள்!"

உண்மைதான். எனக்கும் வைத்திருப்பார்கள். தேன் தொட்டு வைத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் 'நடக்கவில்லை' என்பது 'நடக்காது' என்று ஆகிவிடாது. காரில் பட்டி போடாமல் எத்தனையோ தடவை பத்திரமாகப் போய் வந்திருக்கிறோம். அதற்காக இன்று பேரப்பிள்ளையைப் பட்டி போடாமல் ஏற்றுவோமா?

தேனில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் தேனீயின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். பூவில் எடுக்கும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, சிறகால் விசிறி, நீரின் அளவு ஏறத்தாழ 18 சதவீதத்துக்கு வரும்வரை வற்றவைத்த பின்னரே மெழுகால் மூடுகின்றன. அவற்றின் சுரப்பியிலிருந்து சேரும் ஒரு நொதியம் தேனுக்குப் புளிப்புத் தன்மையையும், சிறிதளவு ஐதரசன் பரவொட்சைட்டையும் கொடுக்கிறது. இதனால் சாதாரண கிருமிகள் தேனில் பெருக முடியாது. தேன் பழுதாகாமல் இருப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் ஒன்று மட்டும் தப்பிவிடுகிறது. மண்ணிலும் தூசியிலும் வாழும் 'குளொஸ்ரிடியம் பொட்டுலினம்' என்ற பற்றீரியா, கடினமான உறைக்குள் வித்தியாக உறங்கக்கூடியது. அந்த வித்திகள் தேனீ வழியாகத் தேனுக்குள் வந்துவிடலாம். தேனுக்குள் அவை பெருகுவதில்லை, சாவதும் இல்லை. தேனைச் சூடாக்கினாலும், ஏன், கொதிக்க வைத்தாலும் அழியாது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. கடைத் தேனோ, போத்தலில் பத்திரமாகக் கொண்டுவந்த வன்னிக் காட்டுத் தேனோ, 'சுத்தமான தேன்' என்பதால் இந்த ஆபத்து நீங்கிவிடாது.

நாம் உண்டால் நமது குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அந்த வித்திகளை முளைக்க விடுவதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் முழுமையாகவில்லை. அங்கே வித்தி முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். 1976இல் கலிபோர்னியாவில் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. 1979இல் ஸ்டீபன் ஆர்னன் குழுவினர் தேனையும் ஒரு காரணியாகக் காட்டினர். 2018இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், தேன் அடைத்த சூப்பிகளைப் பாவித்த நான்கு பிள்ளைகள் இந்நோயால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர்.

இந்நோய் அரிதானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தேனால்தான் வருகிறது என்றும் இல்லை. வீட்டுத் தூசியாலும் வரலாம். தூசியை முற்றாகத் தடுக்க நம்மால் முடியாது. தேனைத் தடுக்க முடியும்!

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

முதலில் மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்சும் பலம் குறையும், அழுகைச் சத்தம் மெலியும், கண்ணிமை தொங்கும், கழுத்தும் கை கால்களும் துவண்டு போகும். முற்றினால் மூச்சுவிடுவதே சிரமமாகும். தேன் கொடுத்து மூன்று நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் வரை இவை தோன்றலாம். இப்படி ஏதும் கண்டால் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால், இங்கு அவுஸ்திரேலியாவில் 000. 'தேன் கொடுத்தோம்' என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் வைத்தியருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகத் தேறிவிடுவார்கள்.

ஆகவே 12 மாதம் நிறையும்வரை தேன் வேண்டாம். நாக்கில் தொட்டு வைப்பதும், சூப்பியில் தோய்ப்பதும், உரை மருந்தைத் தேனில் குழைப்பதும் இதில் அடங்கும்.

ஒரு வயதுக்குப் பிறகு?

அதன் பின் தேன் நல்ல நண்பன். பென்சில்வேனியாவில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், தடிமனால் இரவில் இருமிய 105 பிள்ளைகளைப் பார்த்தார்கள். படுக்கைக்கு முன் தேன் எடுத்த பிள்ளைகள், மருந்தே எடுக்காதவர்களைவிட நன்றாக உறங்கினார்கள். இருமல் பாணிக்குத் தேன் சளைத்ததாகவும் தெரியவில்லை. இங்கு ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், தடிமன் பாணிகள் கொடுக்கவே கூடாது. எனவே ஒரு வயது கடந்த பிள்ளைக்கு அரை அல்லது ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடிமனுக்கும் என்னிடம் அன்ரிபயோட்டிக் கேட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். "சீனியை விட்டிட்டன், தேன்தான் பாவிக்கிறன்" என்று பெருமையாகச் சொல்லும் நீரிழிவு நோயாளிகள் பலர் நம்மிடையே உண்டு. தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் மாச்சத்து. குளுக்கோஸ் மானிக்கு இது பூவிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று தெரியாது! காற்புண்ணுக்கு வீட்டுத் தேனைப் பூசவும் வேண்டாம். மருத்துவப் பாவனைக்குரிய தேன் கிருமி நீக்கப்பட்டது. சமையலறைப் போத்தல் அப்படியல்ல.

யார் மீது பிழை?

அந்த அம்மம்மா மீது நான் பிழை சொல்ல மாட்டேன். நாங்கள் ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டி, மருந்து அரைத்து, பத்தியம் காய்ச்சுபவரிடம் ஒருவரும் பேசுவதில்லை. பிறகு பிழை நடந்ததும் மகள் தாயைக் குற்றம் சொல்கிறாள். அன்போடு வந்தவர் மூலையில் இருந்து அழுகிறார். இது மாற வேண்டும். கர்ப்பகாலத்திலேயே, விமானம் ஏறுமுன்பே, தொலைபேசியில் இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வைத்தியரிடம் போகும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

அன்று நான் அம்மம்மாவுக்குச் சொன்னது இதுதான்: "அம்மா, தேனீகூட முட்டையிலிருந்து வந்த தன் குஞ்சுக்கு முதல் மூன்று நாள் தேன் கொடுக்கிறதில்லை. தன் தலையிலுள்ள சுரப்பியில் ஊறுகிற பாலைத்தான் ஊட்டும். தேனும் மகரந்தமும் அதுக்குப் பிறகுதான்." தேனீ அப்படிச் செய்வது இந்நோய்க்குப் பயந்து அல்ல. ஆனாலும் அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப, தேனீக்கே தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள்.

சடங்கை விடச் சொல்லவில்லை. 31ஆம் நாள் மூத்தவர் கையால் ஏதாவது தொட்டு வைக்க வேண்டுமென்றால், சுத்தமான கரண்டியில் ஒரு துளி தாய்ப்பால் போதும். ஆறு மாதம்வரை அதைவிட எந்த இனிப்பும் பிள்ளைக்குத் தேவையில்லை. தேன் போத்தலை முதலாவது பிறந்தநாள் வரை எடுத்து வையுங்கள். தேன் எங்கேயும் போய்விடாது, பழுதாகவும் மாட்டாது!