கடைசித் தூண் சிறியதா?

எங்கள் அட்டுவம்பட்டியில் சாலை நேராகச் செல்வது அரிது. வளைவு மறைக்காததைப் பனிமூட்டம் மறைத்துவிடும். இம்மலைப் பிள்ளைகளை இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நிறுத்தினால் திகைத்துப் போவார்கள். சுமார் 1200 தூண்கள்! அவற்றின் வரிசைகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றும்.

காரணம் எளிது. இரு மடங்கு தூரத்திலுள்ள தூணின் பிம்பம் விழித்திரையில் பாதி உயரமே இருக்கும். ஆனால் அந்தப் புள்ளி எங்கே உள்ளது? நீங்கள் குந்தினால் அது தாழ்கிறது, எழுந்தால் உயர்கிறது. எப்போதும் உங்கள் கண்மட்டத்தில்தான்! கல்லில் அப்படியொரு புள்ளி கிடையாது. அது நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் அடையாளம்.

1964இல் பாரிசில் உளப்பகுப்பாய்வு அறிஞர் லக்கான் இதையே மனித மனத்துக்குப் பொருத்தினார். ஹோல்பைன் 1533இல் தீட்டிய ‘தூதர்கள்’ ஓவியத்தை எடுத்துக்காட்டினார். நேரே பார்த்தால் தூதர்களின் காலடியில் ஏதோ ஒரு கறை; பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் மண்டையோடு! ‘எல்லாவற்றையும் நானே காண்கிறேன்’ என்று எண்ணுபவனும் காட்சிக்குள் அகப்பட்டவனே என்பது அவர் கருத்து.

நாமோ கதிர்ப்படத்தின் ஓரத்தில் ஒரு கண்ணை வரைந்துவிட்டு அதை மறந்துவிடுகிறோம். இது சரியன்று. கோணத்தைக் கணக்கிடும்போதே, ‘பார்ப்பவர் எங்கே நிற்கிறார்?’ என்றும் வகுப்பில் கேட்க வேண்டும்.

நாளை உங்கள் பள்ளித் தாழ்வாரத்தின் மறுகோடியில் நண்பனை நிற்கச் சொல்லுங்கள். அவன் விரலளவே தெரிவான். சிரிக்குமுன் யோசியுங்கள்: அவனுக்கு நீங்கள் எவ்வளவு?