'கெட்' கெட்ட சொல் அல்ல

ஆங்கிலக் கட்டுரை நோட்டில் 'கெட்' என்ற வினைச்சொல்லைக் கண்டதும் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'ஒப்டெயின்' என்றோ 'ரிசீவ்' என்றோ திருத்தும் ஆசிரியர்கள் இங்கே நிறைய. இங்கிலாந்துப் பள்ளிகளிலும் இந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. அது கொச்சை, சோம்பேறித்தனம், ஏகப்பட்ட பொருள் தந்து குழப்பும், எழுத்துக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பி வளரும் பிள்ளைகள், ஆங்கிலத்தின் முதுகெலும்பான ஒரு சொல்லைக் கையாளத் தெரியாமலே படிப்பை முடிக்கிறார்கள். அதனால் அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

முதல் வாதம்: 'அது கொச்சைச் சொல், நல்ல ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை.'

வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல் இது. அதற்கும் முன்பே பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொற்கள் முன்னொட்டுகளோடு புழங்கின. இன்றைய 'ஃபர்கெட்', 'பிகெட்' இரண்டும் அவற்றின் வழி வந்தவையே. இதற்கு மாற்றாக நம் ஆசிரியர்கள் எழுதித் தரும் 'ரிசீவ்', 'ஒப்டெயின்' ஆகியவை பிரெஞ்சு வழியாகப் பிறகு வந்து சேர்ந்தவை. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'கெட்' பல இடங்களில் வருகிறது. ஹாம்லெட், ஒஃபீலியாவைக் கன்னிமடத்துக்குப் போகச் சொல்லும் புகழ்பெற்ற கட்டளையில் ஷேக்ஸ்பியர் வைத்த வினைச்சொல்லும் இதுதான். இப்படிப்பட்ட ஒரு சொல்லைக் கொச்சை என்று ஒதுக்க நியாயமே இல்லை.

இரண்டாம் வாதம்: 'அதற்கு எப்போதும் ஒரு நல்ல மாற்றுச் சொல் இருக்கிறது.'

பெறுதல் என்ற ஒரு பொருளில் மட்டும் இது ஓரளவு உண்மை. மற்ற இடங்களில் மாற்றினால் பொருளே கெட்டுப்போகும். நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றைப் பாருங்கள். சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தவர், 'ஐ கட் மை ஹேர்' என்கிறார். கேட்கும் ஆங்கிலேயருக்கு, அவரே கத்திரியை எடுத்துத் தன் முடியை வெட்டிக்கொண்டதாகத்தான் படும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால்தான், வேறொருவர் வெட்டினார், நான் வெட்டிக்கொண்டேன் என்ற பொருள் சரியாக வரும். இந்த இடத்தில் 'ஒப்டெயின்', 'ரிசீவ்' இரண்டில் எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்காது.

இன்னொன்று. 'தே வேர் மேரீட் இன் 1990' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். 1990இல் அவர்களுக்குத் திருமணம் நடந்தது என்றும் கொள்ளலாம். அந்த ஆண்டில் அவர்கள் ஏற்கெனவே மணமானவர்களாக இருந்தார்கள் என்றும் கொள்ளலாம். 'தே காட் மேரீட் இன் 1990' என்றால் ஒரே பொருள்தான்: திருமணம் நடந்த ஆண்டு 1990. இருக்கும் நிலையையும் நடந்த நிகழ்ச்சியையும் பிரித்துக் காட்டும் வேலையை இந்தச் சின்னச் சொல் செய்கிறது. துல்லியம் வேண்டும் என்று சொல்லி இதை நீக்குபவர்கள், நீக்குவது துல்லியத்தைத்தான்.

மூன்றாம் வாதம்: 'ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் என்றால் குழப்பம்தானே?'

அதிகம் புழங்கும் வினைச்சொற்கள் எல்லாமே அப்படித்தான். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் 'டேக்' என்ற வினைக்கு 134 பொருள்கள் பிரித்துக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள்கள் சேர்ந்துவிட்டன என்று 2011இல் செய்தி வந்தது. அதற்காக ஆங்கிலம் பேசுவோர் 'டேக்', 'ரன்' இரண்டையும் கைவிடவில்லை, குழம்பவும் இல்லை.

'கெட்' என்ற சொல்லில் பொருளைக் காட்டிக்கொடுப்பது அதற்குப் பின்னால் வரும் சொல். பெயர்ச்சொல் வந்தால் பெறுதல்: 'கெட் எ லெட்டர்'. பண்புச்சொல் வந்தால் ஒரு நிலையை அடைதல்: 'கெட் டயர்ட்'. இடத்தைக் குறிக்கும் சொல் வந்தால் போய்ச் சேர்தல்: 'கெட் ஹோம்'. ஓர் ஆளைச் சொல்லி, அதன்பின் 'டு' போட்டு ஒரு வினை வந்தால், சம்மதிக்க வைத்தல்: 'கெட் ஹிம் டு சைன்'. ஒன்றில்லாத நிலையிலிருந்து ஒன்றுள்ள நிலைக்கு வருவது என்ற கருத்து இவை அத்தனைக்கும் அடியில் ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழில் 'போடு' என்ற வினையை நாம் எப்படிப் புழங்குகிறோம்? சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், தடுப்பூசி போடுகிறோம், சண்டை போடுகிறோம், பசித்தவனுக்குச் சோறு போடுகிறோம். எந்தத் தமிழ்க் குழந்தையும் இதில் தடுமாறுவதில்லை. அந்தத் தெளிவு ஆங்கிலக் குழந்தைக்கு மட்டும் இல்லாமல் போகாது.

நான்காம் வாதம்: 'பேச்சில் இருக்கட்டும்; எழுத்தில் வேண்டாம்.'

ஆங்கில உரைநடைக்கு வழிகாட்டியவர்கள் சொன்னது வேறு. ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் எழுதிய 'த கிங்ஸ் இங்கிலீஷ்' நூலிலேயே நீளமான சொல்லைவிடக் குறுஞ்சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் அதையே ஒரு விதியாக வைத்தார். அரசு அலுவலகக் கடிதங்கள் சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும் என்று 1979இல் பிரிட்டனில் தொடங்கிய 'பிளெயின் இங்கிலீஷ் கேம்பெயின்', 'ஒப்டெயின்' என்று எழுதும் இடத்தில் 'கெட்' என்று எழுதப் பரிந்துரைக்கிறது. அதாவது நம் வகுப்பறையில் நடக்கும் திருத்தத்துக்கு நேர் எதிரான திருத்தம்.

ஒப்பந்தப் பத்திரத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் 'ஒப்டெயின்' பொருந்தும் இடங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஒரே பத்தியில் 'கெட்' பத்து முறை வந்தால் படிக்கச் சலிக்கும் என்பதும் சரி. ஆனால் எந்தச் சொல் பத்து முறை வந்தாலும் சலிக்கத்தான் செய்யும். அது எழுதியவரின் குறை. சொல்லின் குறை அல்ல.

ஐந்தாம் வாதம்: '"கெட்" வினையின் "காட்டென்" என்ற வடிவம் அமெரிக்கர்கள் செய்த பிழை.'

இதுவும் தவறு. அது இங்கிலாந்திலேயே வழங்கிய பழைய வடிவம். 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டன்தான் பிறகு பெரும்பாலும் கைவிட்டது. முறைகேடாகச் சேர்த்த சொத்தைக் குறிக்கும் 'இல்-காட்டென்' என்ற சொல் பிரிட்டனில் இன்றும் உயிரோடு இருப்பதே சாட்சி.

இந்தத் தடையின் விலையைக் கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள். ஐ.டி. நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மேலதிகாரி 'கெட் பேக் டு மீ பை ஃபைவ்' என்கிறார். ஐந்து மணிக்குள் பதில் சொல் என்பது அதன் பொருள். தமிழ்வழியில் படித்து வந்த பெண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் ஐந்து மணிக்கு நேரில் வந்து நிற்கச் சொல்கிறார் என்று எண்ணிக்கொள்கிறாள். அவளுக்கு அறிவு குறைவில்லை. அன்றாட ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு நிமிடம் வரும் ஒரு சொல்லை அவளுக்கு யாரும் முறையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆங்கில ஆசிரியர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: 'கெட்' என்ற சொல்லைச் சுழிப்பதை நிறுத்துங்கள். எட்டாம் வகுப்பிலேயே அதன் வாக்கிய அமைப்புகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மாணவர்களைச் சொந்தமாக வாக்கியம் எழுத வையுங்கள். 'ஒப்டெயின்' தெரியாதவன் ஆங்கிலத்தில் சமாளித்துவிடுவான். 'கெட்' தெரியாதவனால் ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியாது.